பொட்டக்குட்டி

எங்கள் நிகழ்ச்சியில் முகம் காட்டிய யாரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ராஜாங்கம் கேமராவைப் பையில் வைப்பதற்குள் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிடுவேன். நீங்கள் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிக்கொள்ளக் கூடாது, அதனால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி கேபிளில் ஞாயிறுதோறும் வந்த சிரிப்பு நிகழ்ச்சி அது. வழியில் போகிறவர்களிடம் ஏதாவது கேட்போம். பிறகு ஸ்டுடியோவில் வேறொரு கேள்வியைப் பேசி, அவர்கள் சொன்ன பதிலுக்கு முன்னால் ஒட்டுவோம். கோயில் குருக்கள்கூட என்னை நிறுத்திப் பாராட்டியிருக்கிறார்.

ஒருமுறை வெள்ளிமலையில் சாலம்மாள் என்ற மலையூர்க்காரி ஜீப்புக்காக நின்றிருந்தாள். முந்தைய முறை அவள் காலைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆட்டுக்குட்டி திரிந்தது. அது எங்கே என்று கேமரா முன்னால் கேட்டேன்.

"பொட்டக்குட்டிங்களா? நோஞ்சானா கெடந்துச்சி சாமி. வெச்சிக்கினு இன்னா பண்றது? சந்தையில தள்ளிட்டேன்."

"கத்தலியா?"

"கத்தாம இன்னா. ரெண்டு நாள் கத்தும், அப்பறம் மறந்துபூடும்."

அவளுக்கு ஆயம்மாள் என்று ஒரே மகள். தியாகதுருகத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று டீ குடிக்கும்போது அவளே சொன்னாள். நான் ஸ்டுடியோவுக்கு வந்து, "ஒரே பொண்ணாச்சே, எங்கேம்மா காணோம்?" என்று என் குரலைப் பதிந்து முன்னால் ஒட்டினேன். பெண்பிள்ளையையும் குட்டி என்பதுதானே நம் பக்கத்து வழக்கம். மிகப் பொருத்தமாக உட்கார்ந்தது. சிரிப்புச் சத்தமும் சேர்த்தேன்.

சிரிக்காத யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். அதிகாரிகள் போனபோது ஆயம்மாள், அத்தை வேலை செய்யும் வீட்டில் அவளுக்கு ஒத்தாசையாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். விற்றுவிட்டதாகவே முடிவு செய்து குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள்.

சாலம்மாள் மலையிறங்கி என்னிடம் வந்தாள்.

"ஆட்டத்தான சாமி கேட்ட? நானும் ஆட்டத்தான சொன்னேன்? முழுசா ஒருவாட்டி அவங்களுக்குப் போட்டுக் காட்டு சாமி. எம்பொண்ண வுட்டுடுவாங்க."

அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு சேலை கொடுத்தேன். டீ வரவழைத்தேன், அவள் தொடவில்லை. கேசட் அழிந்துவிட்டது என்றேன். அதிகாரிகளிடமும் அதையே சொன்னேன். பழைய கேசட்டில் புதியதைப் பதிவது எல்லோரும் செய்வதுதான் என்பதால் நம்பினார்கள். முழுசாகக் காட்டியிருந்தால் நிகழ்ச்சி நின்றிருக்கும். ராஜாங்கத்துக்கு மூன்று பிள்ளைகள். ஆயம்மாளுக்கோ காப்பகத்தில் பாலும் முட்டையும் கிடைத்தன.

அந்தக் குழந்தையை நான் கைவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனை முடித்த கையோடு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா நெசமாவே என்ன வித்துட்டாளா மாமா? டீவியில அவளே சொன்னாளாமே. ரெண்டு நாள் கத்துவேன், மறந்துபூடுவேன்னு."

கேசட் என் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது. நான் அவள் தலையைத் தடவினேன். "அம்மாவ மன்னிச்சிடு கண்ணு. மன்னிக்கிறவங்களத்தான் சாமிக்குப் பிடிக்கும்" என்றேன்.

அதன் பிறகு சாலம்மாள் பார்க்க வந்த நாளெல்லாம் அந்தப் பெண் உள்ளேயே இருந்துகொண்டாள். சாலம்மாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி பஸ் வரை நிற்பாள். பல வருஷம் அப்படி நின்றாள். ஆயம்மாள் வளர்ந்து வேலைக்குப் போனாள். மலைப்பக்கம் மட்டும் போகவில்லை. போன மாதம் சாலம்மாள் இறந்த செய்தியைச் சொல்லப் போனவர்களிடம், தனக்குத் தாய் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

இதோ அந்தக் கேசட். கேள்வியை மாற்றியது நான். அழிந்துவிட்டது என்று பொய் சொன்னதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மனதை உறுத்துவது ஒன்றுதான். அத்தனை வெள்ளிக்கிழமை நான் எடுத்துச் சொல்லியும், அந்தப் பெண்ணுக்குப் பெற்ற தாயை மன்னிக்கும் மனம் வரவில்லை.