பெயிண்ட் காயும்வரை

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு கதவின் முன்னால் நிற்கத் தெரிவதில்லை. ஒரு கையால் தட்டும்போதே மறு கையால் தள்ளுகிறார்கள். உள்ளே இருப்பவன் சோறு தின்கிறானா, வேட்டி மாற்றுகிறானா, எவனுக்கு என்ன கவலை? நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள், சார். உங்களோடு வந்த போலீஸ்காரர் பூட்ஸ் காலோடு நேராகப் பெயிண்ட் அறைக்குள் போய் நின்றார். நல்லவேளை, அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

கேட்டீர்கள், சொல்கிறேன். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். எழுதியது ஒன்று, படிப்பது ஒன்று என்று இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

இதோ நிற்கிறதே, இந்த வண்டி, முதலில் பார்த்தபோது வண்டியே இல்லை. ஒரு கோழிப் பண்ணையின் பின்பக்கம் செடி மண்டிக் கிடந்த வெறும் கூடு. எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை. ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் ஒரு செவலைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்தக் கோழியை நீங்களே எழுப்பிக்கிங்க. என்னைக் கொத்தும்" என்றார் பண்ணைக்காரர்.

என் தம்பி சிரித்தான். தலை முழுக்க நரைத்த பிறகும் அவனை எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிரிக்கவில்லை. துருவுக்கு அடியில் அந்த மூக்கின் வளைவைப் பார்த்துவிட்டேன். இரண்டே பேர் உட்காரும் பந்தய வண்டி. விரல் விட்டு எண்ணும்படி கொஞ்சம் செய்துவிட்டு, செய்த கம்பெனியே கதவைச் சாத்திக்கொண்டது.

நான் தகடு வேலைக்காரன். நசுங்கி வருவதைத் தட்டி நிமிர்த்துகிறவன். சின்னவன் பெயிண்டர். ஒரே ஷெட், ஒரே வீடு, அவன் பொண்டாட்டி சமைப்பதைத்தான் இருவரும் சாப்பிட்டோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் சொன்ன எதையும் நான் நம்பவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அடித்தளம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். சக்கரத்தை மூடும் முன்பக்க இறக்கை ஒன்று இல்லவே இல்லை. இருந்த இறக்கையை அட்டையில் அச்செடுத்து, அட்டையைத் திருப்பிப் போட்டு, மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி வளைத்தேன். இதற்குப் பொருந்தும் எஞ்சின் ஒரு மர அறுவை மில்லில் ரம்பத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது; பேசி வாங்கி வந்தேன். கதவுதான் என் உயிரை வாங்கியது. வண்டியின் உடம்புக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வர வேண்டும். வராது. அறுப்பேன், ஒட்டுவேன், மறுபடி அறுப்பேன். கண்ணில் வெல்டிங் பொறி விழுந்து ஒரு பக்கம் மங்கியது அப்போதுதான். அதற்காக வருத்தமில்லை. இடைவெளியை விரலால் தடவியே பார்க்கலாம்.

அப்புறம் சின்னவன் ஒரு நாள் ஆரம்பித்தான்.

"அண்ணே, வண்டியைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார்."

"இல்லைன்னு சொல்லி அனுப்பு."

"முடியாதுண்ணே. என் வீட்டுக்காரிக்குக் கிட்னி மாத்தியே ஆகணுமாம். அவ அக்கா ஒண்ணு தர்றேங்கிறா. ஆபரேஷனுக்கு நம்மகிட்ட இதை விட்டா என்ன இருக்கு?"

"ஷெட்டைக் கொடு."

"ஷெட்டுல வாடகைக்குத்தானே இருக்கோம்ணே."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. நேத்துகூட எனக்குச் சோறு போட்டாளே."

"உக்காந்துகிட்டே போட்டா. நீ தட்டைப் பார்த்தே, அவளைப் பார்க்கலை."

அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் அவனை வளர்த்தவன். அவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தவன். அந்த நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். வண்டி போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன் என்று கேட்டேன். அவனும் அழுதான். ஆனால் மாறவில்லை.

வாங்க வந்தவருக்குக் கை பஞ்சு மாதிரி இருந்தது. என் கதவை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கணும். ஒரு தூசி, ஒரு கோடு இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்" என்றார். பெயிண்ட் அடித்த மறுநாளே வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

தூசியை அள்ளி வீசியிருந்தால் போதுமே, வியாபாரம் நின்றிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். சார், ஈரப் பெயிண்டின் மேல் தூசியா? அதைச் செய்ய எனக்கு மனசு வருமா?

காற்று அசையாத ஒரு காலையில் வேலையை வைத்துக்கொண்டோம். தரையில் தண்ணீர் தெளித்தோம். சின்னவன் பெயிண்ட் அறைக்குள் போனதும் நான் வெளியிலிருந்து கதவின் இடுக்குகளில் டேப் ஒட்டி, கீழே ஈரத்துணி திணித்து, திறந்துகொள்ளாமல் ஆப்பு அடித்தேன். எப்போதும் அப்படித்தான். உள்ளேயிருந்து இரண்டு தட்டு தட்டினால் திறக்கலாம். அதற்கு முன்னால் வீடு பற்றி எரிந்தாலும் திறக்கக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். ஒரு தடவை நான் இடையில் திறந்துவிட்டு அவனிடம் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது.

பெயிண்டில் கலக்கும் தின்னரின் மூச்சடைக்கும் புகையை வெளியே இழுக்க மேலே ஒரு ஃபேன் உண்டு. அதன் சுவிட்ச் வெளியே, என் பக்கம். கடைசிப் பூச்சு முடிந்ததும் சின்னவன் மாஸ்கைக் கழற்றிவிடுவான். மாஸ்க்கோடு பார்த்தால் பளபளப்பு தெரியாது என்பான். நெஞ்சு சரியில்லாதவன், ஃபேனை நம்பித்தான் அதைச் செய்வான். பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னின் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து ஃபேனை நிறுத்தினேன்.

"அண்ணே, ஃபேன் நின்னுபோச்சு" என்றான்.

நான் சுவிட்ச் பக்கம் போகவில்லை. ஃபேன் ஓடினால் இடுக்கு வழியாகத் தூசியையும் இழுக்கத்தானே செய்யும்? அவன் தட்டினான். கணக்கில்லாமல் தட்டினான். இரண்டு தட்டினால் திறக்கலாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் குனிந்து ஈரத்துணியை இன்னும் உள்ளே திணித்தேன். அப்புறம் சத்தமில்லை. பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை அங்கேயே நின்றேன். பிறகு ஆப்பை எடுத்தேன். அந்த மாதிரி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை, சார். பானட்டில் என் முகம் தெரிந்தது. அதை ஆசைதீரப் பார்த்த பிறகுதான் தரையைப் பார்த்தேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். நான் வழியை அடைக்கவில்லையே. பின்சுவரில் ஜன்னல் இருக்கிறது, பாருங்கள். பலகை வைத்து டேப் ஒட்டியதுதான், ஒரு குத்து விட்டால் விழும். பானட்டின் மேல் ஏறினால் கைக்கு எட்டும். உயிர் மேல் ஆசை உள்ளவன் ஏறியிருப்பான். வண்டியின் மூக்கு ஜன்னலை அடைத்து நிற்கிறதே என்கிறீர்கள். ஆமாம், அப்படி நிறுத்தியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதுவதென்றால் இன்னொன்றும் இருக்கிறது. முதலில் அவன் சரியாகத்தான் தட்டினான். இரண்டு. ஃபேன் நின்றதும், நிதானமாக, எப்போதும் தட்டுவது போல. அதற்குப் பிறகுதான் கணக்குத் தப்பியது.

பானட்டில் ஒரு விரல் தடம்கூட இல்லை என்று நீங்கள் காட்டினீர்கள். சுவரை உரசிக்கொண்டே, வண்டியில் படாமல், ஜன்னல்வரை தவழ்ந்து போயிருக்கிறான். அங்கேயே, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், கைகளை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு கிடந்தான். அது எனக்கு முன்பே தெரியும். நான்தானே அவனை வெளியே இழுத்தேன்.

இப்போது அவன் பொண்டாட்டி, அக்காள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

"எனக்காகத்தான் மாமா அவரு அது மேல ஏறலை. பெயிண்ட் கெட்டா வண்டி போகாது, வண்டி போகலைன்னா நான் இருக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும். உங்களைக் கூப்பிட்டாரா மாமா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

வழக்கு முடியும்வரை வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்குமாமே. வெயிலிலா? வாங்க வந்தவரும் இனி வரமாட்டார்; அவளுடைய ஆபரேஷனும் அத்தோடு சரி. தார்ப்பாய் போடாதீர்கள், உரசும். பழைய பருத்திச் சேலை ஏதாவது இருந்தால் போடுங்கள்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. மூச்சு முட்டும்போது எவன் பொண்டாட்டியை நினைப்பான்? அவன் பெயிண்டர், சார். ஈரப் பெயிண்டின் மேல் முழங்காலை வைக்க அவனுக்கும் மனசு வரவில்லை. அவ்வளவுதான். விற்கிறேன் விற்கிறேன் என்று குதித்தவன், கடைசியில் என் பக்கம்தான் வந்து சேர்ந்தான். அதை முன்பே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கதவைத் திறந்திருப்பேன்.

போகலாம், சார். கையைப் பிடிக்க வேண்டாம், நானே நடக்கிறேன். திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. அந்தக் கதவை மட்டும் மெதுவாகச் சாத்தச் சொல்லுங்கள்.