லயத்து முக்கு விளக்கு

ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று, "நம்ம லயத்து முக்கு விளக்கு எந்தக் கட்சின்னே தெரியலக்கா," என்றாள்.

"விளக்குக்கு ஏதுடி கட்சி?"

"அது எரியாம கெடக்கேன்னு போய்க் கேட்டேன். எம்.பி. ஆபீஸ்ல, 'அது மாநிலத்து வேலை, அங்க வேற கட்சி'ன்னாங்க. சட்டமன்றத்துக்காரர் ஆபீஸ்ல, 'கவுன்சில்ல கேளு'ன்னாங்க. கவுன்சில்ல, 'ரோடு தோட்டத்துது'ன்னாங்க. தோட்டத்துத் துரை, 'கம்பம் கவுன்சிலோடது'ங்கிறாரு."

"நம்ம கவுன்சிலர் யாரு?"

"போன எலெக்‌ஷன்ல தோத்தாரே, அவருதான்."

"தோத்தவருக்கு யாருடி ஓட்டுப் போட்டா?"

"கவுன்சிலுக்கு ஏதுக்கா ஓட்டு? மேலருந்து போடறதுதான்லா."

"அப்ப துரை போடற கங்காணி மாதிரின்னு சொல்லு."

"கங்காணியாச்சும் காலையில முகத்தக் காட்டுவாரு."

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

"எம்மக ஓட்டல் வேலை முடிஞ்சு அந்த முக்கு வழியாத்தான் நடந்து வர்றா. நேத்து இருட்டுல காய்கறி லோரி ஒண்ணு உரசிட்டுப் போயிருக்கு. முழங்கையில தோலே போயிருச்சு."

"ஐயோ! இப்ப எங்க போற, மறுபடியும் ஆபீஸுக்கா?"

"கடைக்கு. அவளுக்கு ஒரு டார்ச்லைட் வாங்கப் போறேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மூத்தவள் அவள் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"வாங்கினதும் பைக்குள்ள வச்சிரு. கவுன்சிலர் கண்ணுல பட்டுச்சுன்னா ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துட்டுப் போயிருவாரு."