எந்தக் கட்டை?

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோரே, உளியையும் ஸ்பேனரையும் கீழே வைத்த கையோடு வந்திருக்கும் உழைப்பாளர் பெருமக்களே, அவர்கள் வீடு திரும்பும்வரை வாசலில் விழி வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மரத்துக்கும் வண்டிக்கும் தமிழில்தான் எத்தனை சொற்கள்! வானத்தில் கார் என்றால் மேகம். வாசலில் கார் என்றால் வாகனம். நின்றால் மரம், அறுத்தால் பலகை, அடுப்புக்குப் போனால் விறகு. அழகுதான். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டால் இன்றும் என் கண் முதலில் சக்கரத்தைத் தேடுகிறது. கட்டை என்பதே அந்தச் சொல்.

என் கணவர் கார் பழுது பார்ப்பவர். எங்கள் பட்டறைக்கும் தச்சுப் பட்டறைக்கும் ஒரே முற்றம், சரிவான முற்றம். தச்சருக்குக் கட்டை என்றால் அறுக்கவேண்டிய மரத்துண்டு. எங்களுக்கோ, கார் உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது.

தச்சுப் பட்டறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர்; அதுவரை நீதிமன்ற வாசலில் காவல்காரர். முதல்நாள் காலையில் மேஸ்திரி அவரிடம், "அந்தச் சட்டத்தை எடுங்க" என்றார். சன்னலுக்கான மரச்சட்டம்.

"எந்தச் சட்டம்ங்க? எனக்குத் தெரிஞ்ச சட்டமெல்லாம் வக்கீல் கையிலதான் இருக்கும்."

"சரியான மரமண்டையப் பிடிச்சுக் குடுத்திருக்காங்கப்பா" என்றார் மேஸ்திரி.

சிரிக்கிறீர்கள். அன்றும் முற்றமே இப்படித்தான் சிரித்தது. அவர் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். அதன்பின் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம், ஒரு காரின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு என் கணவர் அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை அவருடைய கால்கள் மட்டுமே. தச்சுப் பட்டறைக்குள்ளிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்: "அந்தக் கட்டையை எடுத்துட்டு வாய்யா." அவர் சொன்னது சுவரில் சாய்த்திருந்த கட்டையை. முற்றத்தில் நின்ற புதியவர் கண்ணில் பட்டதோ சக்கரத்துக் கட்டை. சற்றே தயங்கினார். கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. காலால் உதைத்து உருவினார்.

கார் அசைந்தது. கத்தினேனா? இல்லை. ஓடினேனா? இல்லை. கழுவிக்கொண்டிருந்த போல்ட்டுகளோடு மரமாய் நின்றேன். சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது.

புதியவர்தான் பாய்ந்தார். உருவிய கட்டையை இரு கையாலும் சக்கரத்தடியில் திணித்தார். கார் நின்றது. என் கணவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் சக்கரம் வந்து நின்றது. கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே நசுங்கியது அந்த மனிதரின் கட்டைவிரல்.

மருத்துவமனையில் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

"இல்லண்ணே. ஏண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"மறுபடி சிரிப்பாங்களோன்னு பயந்துட்டேம்மா."

பெருமக்களே, வண்டிக்கு அஞ்சுங்கள், மரம் அறுக்கும் வாளுக்கு அஞ்சுங்கள், அந்த அச்சம் நம்மைக் காக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் சிரிப்புக்கு ஒருவர் அஞ்சினால், அவரை யார் காப்பது? அவருக்கு அருகில் படுத்திருப்பவரை யார் காப்பது?

பின்வரிசையில் யாரோ கேட்கிறார், மேஸ்திரி என்ன ஆனார் என்று. இதோ, இந்த மேடையில்தான் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார், ஐயா. "நீங்க வந்து சொல்லுங்கம்மா, என்னால முடியாது" என்று என்னை அழைத்தவரே அவர்தான்.

நாளை உங்கள் பட்டறையில் ஒரு புதியவர் "எந்தக் கட்டை?" என்று கேட்பார். திரும்பத் திரும்பக் கேட்பார். கைவேலையை நிறுத்துங்கள். எழுந்து போய்த் தொட்டுக் காட்டுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. எல்லோரும் பத்து விரலோடு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.