எழுத்து முடியட்டும்

— எண்டாலும் ஆரூரன், குழுவில ஒரு வசனம் போட்டிருக்கலாமெல்லோ.

— போட்டிருக்கலாம்.

— மாதம் மாதம் இத்தினை குடும்பம் காசு போடுறது ஆருக்கு, சொல்லு பாப்பம்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு மெடிக்கேர் காட் இல்லாமல் வந்து நிக்கிற சனத்துக்குத்தானே. உன்ர மனிசி வினோஜாவுக்கு ஸ்பொன்சர் சரிவர வருசக்கணக்காகும் எண்டு தெரிஞ்சுதானே உங்களை நான் சேர்த்தனான்.

— ஓம், நகுலேஸ்வரன் அண்ணை.

— ஓம் ஓம் எண்டு கொண்டிருக்காதை.

— தேத்தண்ணி போடட்டோ?

— வேண்டாம், இரு. சாப்பிட்டனியோ?

— பாண்.

— அந்தியேட்டிக் கிரியை அண்டைக்கும் பாண் எண்டனி. செத்தது வினோஜா, நீயில்லை. அடுப்பைப் பத்த வையடா.

— ம்.

— ஆஸ்பத்திரி பில்லை யோசியாதை. குழு முழுக்கப் பாக்கும். போனில போட்டதுதான், பாரன், எல்லாரும் பெருவிரல் காட்டிட்டினம்.

— இப்ப காட்டினம்.

— அண்டைக்குப் போட்டிருந்தா அண்டைக்கும் காட்டியிருப்பினம். இதென்ன இன்சூரன்ஸ் கொம்பனியே, நொட்டை பிடிச்சு இல்லையெண்டு சொல்ல? எங்கட சனம்.

— அதாலதான் போடேல்லை.

— எதால?

— எங்கட சனம் எண்டதால. ஆளின்ர பேரும் போட வேணும், வருத்தத்தின்ர பேரும் போட வேணும். உங்கட சட்டம்.

— பின்னை? சட்டம் இல்லாத காலத்தில ஒருத்தன் நெஞ்சு வருத்தமெண்டு காசை வாங்கிப் பல்லு வெளுத்துக்கொண்டு வந்தவன். கோயில்ல என்னைக் கண்டு சிரிக்கிறான், லைற் போட்ட மாதிரி.

— பேர் போடாமல் ஏலாதோ எண்டு உங்களிட்டைக் கேட்டனான்.

— எப்ப?

— டொலார்ட் கோயில்ல. தேர் அண்டைக்கு, கார் விடுற இடத்தில.

— ஓம்... ஆரோ சிநேகிதனுக்கு எண்டனி.

— ஓம்.

— ஐயோ தம்பி.

— அப்ப வினோஜாவின்ர தங்கச்சி வித்தியாவுக்குச் சம்பந்தம் பேசின நேரம். மாப்பிளையின்ர தாய் குழுவில இருக்கிறா. அக்காவுக்கு மார்பில கட்டியெண்டா தங்கச்சிக்கும் வருமெண்டு சம்பந்தத்தைக் குழப்பிப்போடுவினம் எண்டு வினோஜா சொன்னா.

— நீ என்ன சொன்னனி?

— போடுவம் எண்டன்.

— அவ?

— தங்கச்சியின்ர கலியாண எழுத்து முடியட்டும். பேந்து போடுவம் எண்டா.

— எழுத்து வடிவா நடந்ததே. லாவாலில. நானும் வந்தனான்.

— ஓம். வீடியோவில பச்சைச் சீலையோட நிக்கிறா. இடக்கையைத் தூக்கேல்லை. ஆரும் கவனிக்கேல்லை.

— முதல் எப்பிடிக் கண்டவ?

— குளிக்கேக்குள்ள.

— நோவு இருந்ததோ?

— இல்லை.

— எவ்வளவு பெரிசு?

— கச்சான் கடலை அளவு.

— அசையுமோ? விரலால தள்ள?

— இல்லை.

— தோலில பள்ளம் மாதிரி விழுந்ததோ?

— பேந்து.

— பேந்தெண்டா? எவ்வளவு காலத்தால?

— அண்ணை.

— சொல்லு தம்பி.

— ஆருக்கு?

— சும்மா கேட்டன். கேக்கக் கூடாதோ?

— ஆருக்கு அண்ணை?

— ஜெகதீஸ்வரிக்கு.

— உங்கட தங்கச்சி. மகளின்ர கலியாணத்துக்கெண்டு விசாவில வந்தவ.

— அவதான். கீழ காருக்குள்ள இருக்கிறா. உன்ர முகத்தைப் பாக்கப் பயமாம், மேல வர மாட்டன் எண்டிட்டா.

— ஹீற்றரைப் போட்டுவிட்டு வந்தனீங்களோ?

— ஓம்.

— டொக்டரிட்டைக் காட்டினதோ?

— எங்கை காட்டுறது? போற இடமெல்லாம் காட் எங்கையெண்டு கேக்கிறாங்கள். இல்லையெண்டா, காசை முதல்ல வையெண்டுறாங்கள். நான் டாக்சி ஓடுறவன், தம்பி.

— குழுவில சேர்த்தனீங்கள்தானே?

— வந்து இறங்கின அண்டே சேர்த்தனான்.

— அப்ப போடுங்கோ. இப்பவே. பேரையும் போடுங்கோ, வருத்தத்தையும் போடுங்கோ. முதல் பெருவிரல் நான் காட்டுறன்.

— சம்பந்தி வீட்டார் முழுப்பேரும் குழுவில நிக்கினம்.

— தெரியும். போனைத் தாங்கோ, நான் போடுறன்.

— விடு. கையை எடு ஆரூரன்.

— வினோஜா சொன்னதை நான் கேட்டன் அண்ணை. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தன். உங்களுக்கு விளங்கேல்லையோ?

— விளங்குது. எல்லாம் விளங்குது. மகளின்ர எழுத்து முடியட்டும், தம்பி. பேந்து போடுவம்.