மாஷியின் தாயத்து

மணிவேல்: ...அதுக்கில்ல ஜெயா. அந்த மீன்காரம்மாவ, அந்த மாஷிய நீ எக்ஸ்-ரே ஸ்டாண்டு முன்னால நிக்க வெச்ச பாரு, அத நான் பத்து தடவ சொல்லுவேன்.

ஜெயப்ரியா: பத்தா? வந்து உக்காந்து டீ வர்றதுக்குள்ளயே நாலு ஆச்சு. இன்னிக்கு என்னடா உனக்கு?

மணிவேல்: ஏன், ரெண்டு வருஷமா ஒண்ணா ரேடியோகிராஃபி படிக்கிறோம். பாராட்டக் கூடாதா?

ஜெயப்ரியா: இந்த ரெண்டு வருஷத்துல நீ பாராட்டினது ஒரே தடவ. அதுவும் எங்கம்மா கட்டிக் குடுத்த புளிசாதத்த.

மணிவேல்: அதுவும் மனசாரச் சொன்னதுதான்... தாதா, இன்னொரு லெபு சா.

ஜெயப்ரியா: எனக்கு எலுமிச்ச டீ வேணாம். பதினோரு மணிக்கு நம்ம டிபார்ட்மெண்ட் மேடம் ரூமுக்குப் போகணும்.

மணிவேல்: ...பயமா இருக்கா?

ஜெயப்ரியா: இருக்காதா? இன்னிக்கு அவங்க என் லாக் புக்குல கையெழுத்துப் போடலன்னா டிசம்பர் பரீட்சை கெடையாது. எங்கப்பா டாலிகஞ்ச் பூரா, எம் பொண்ணு இந்த வருஷம் முடிச்சுடும்னு சொல்லி வெச்சிருக்காரு. இஸ்திரி போடுற தாதா, அந்த அண்ணனுக்குக் கூடத் தெரியும்.

மணிவேல்: போடுவாங்க. நீ ஒரு உயிரக் காப்பாத்தியிருக்க.

ஜெயப்ரியா: காப்பாத்தினது சர்ஜன். நான் கைய வெச்சுப் பாத்தேன், அவ்வளவுதான்.

மணிவேல்: அதத்தான் சொல்றேன். நம்ம கிளாஸ்ல வேற யாருக்குத் தோணும் அது? சரி... முதல்லருந்து சொல்லு.

ஜெயப்ரியா: நீயும் கூடத்தானே இருந்த?

மணிவேல்: நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தேன். உள்ள நடந்தது எனக்கு எங்க தெரியும்? சொல்லேன். மேடம்கிட்ட சொல்றதுக்கு ஒத்திகைன்னு வெச்சுக்கோ.

ஜெயப்ரியா: ம்... செவ்வாக்கெழம சாயங்காலம். கரியாஹாட் மார்க்கெட்ல மீன் வெட்டுற மாஷி. வயித்து வலி, காய்ச்சல். எமர்ஜென்சி டாக்டர் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்-ரே எழுதிக் குடுத்திருந்தாரு. டெக்னீஷியன் தாதா வார்டுல ஒரு படம் எடுக்கப் போயிட்டாரு. நம்ம ரூம்ல நானும் நீயுந்தான்.

மணிவேல்: ...ஆமா.

ஜெயப்ரியா: மாஷி வலியில வளைஞ்சு நிக்கிறாங்க. மோவாயத் தூக்கணும், ரெண்டு கையையும் இடுப்புல வெக்கணும், தோள முன்னால தள்ளணும். எதச் சொன்னாலும் ‘பார்போ நா, முடியாது’ங்கறாங்க. அப்புறம், பக்கத்துக் கடைக்காரிகிட்ட சண்டைக்கு நிப்பீங்கல்ல, அப்படி நில்லுங்கன்னேன்.

மணிவேல்: நின்னுட்டாங்க.

ஜெயப்ரியா: அந்த வலியிலயும் சிரிச்சுட்டே நின்னாங்க. தெனமும் அப்படித்தான் நிக்கிறாங்களாம்.

மணிவேல்: பாத்தியா. நான்னா புத்தகத்துல போட்டிருக்கறத அப்படியே ஒப்பிச்சிருப்பேன். மாஷி என்னையும் மீனு மாதிரி வெட்டியிருப்பாங்க.

ஜெயப்ரியா: குறுக்க பேசாத. சங்கிலி, ஊக்கு எல்லாம் கழட்டிட்டாங்க. இடது கையில, தோளுக்குக் கொஞ்சம் கீழ, செவப்புக் கயித்துல ஒரு தாயத்து. அத மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டாங்க. நுரையீரல மறைக்காதுன்னு நானும் விட்டுட்டேன்.

மணிவேல்: தாயத்தா? நான் பாக்கலயே.

ஜெயப்ரியா: பித்தளை. கடலக்கொட்ட அளவுதான் இருக்கும். படத்துல ஓரமா வெள்ளையாத் தெரியும். அப்புறம் வலது தோள் பக்கம் அந்த ஈய எழுத்த ஒட்டினேன், இது வலதுன்னு. மாஷியோட கையத் தொட்டுப் பாத்து, ரெண்டு தடவ சரி பாத்துத்தான் ஒட்டினேன்.

மணிவேல்: போன வாரம் அந்த பஸ் கண்டக்டரோட மணிக்கட்டுக்கு...

ஜெயப்ரியா: நல்லா ஞாபகப்படுத்து. வலது கைக்கு இடதுன்னு ஒட்டிட்டேன். மேடம் எல்லார் முன்னாலயும் கிழிச்சாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பரீட்சைய மறந்துடுன்னாங்க. அதனாலதானே ரெண்டு தடவ பாத்தேன்.

மணிவேல்: ம்.

ஜெயப்ரியா: ‘நிஷ்ஷாஷ் நின்... தோரே ராகுன்.’ மாஷி மூச்ச இழுத்து நல்லாப் பிடிச்சாங்க. படம் வந்துச்சு. ஹார்ட் வலது பக்கம். உனக்கு அப்ப என்ன தோணிச்சு?

மணிவேல்: எனக்கா? நான்... மொதல்ல நீ சொல்லு.

ஜெயப்ரியா: தொலைஞ்சேன்னு தோணிச்சு. மறுபடியும் எழுத்த மாத்தி ஒட்டிட்டேன்னு. மவுஸ் என் கையிலதான் இருந்துச்சு. படத்த இடம் வலமாத் திருப்புறதுக்கு ஒரே ஒரு க்ளிக். வெரலு பட்டன் மேல போயிடுச்சு மணி.

மணிவேல்: ஆனா நீ அமுக்கல.

ஜெயப்ரியா: அமுக்கல. எதுக்கு கம்ப்யூட்டரக் கேக்கணும், மாஷிதான் வெளியில இருக்காங்களே, அவங்களையே கேட்டுடலாம்னு... ‘ஒரு நிமிஷம் பாத்துக்கோ’ன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். பெஞ்சுல சுருண்டு கெடந்தாங்க. நெஞ்சுல இடது பக்கம் கைய வெச்சேன். ஒண்ணுமே இல்ல. வலது பக்கம் வெச்சேன்... அங்க குதிக்குது.

மணிவேல்: எனக்கு இப்பக் கேட்டாலும் புல்லரிக்குது.

ஜெயப்ரியா: அனாடமி புத்தகத்துல ஒரு சின்ன பாரா வருமே. எங்கயோ ஆயிரக்கணக்குல ஒருத்தருக்கு உள்ள இருக்கற எல்லாமே கண்ணாடியில பாத்த மாதிரி மாறி இருக்கும்னு. மார்க்கு வராதுன்னு தாண்டிப் போனோம். அந்த ஒருத்தங்க கரியாஹாட்ல மீன் வெட்டிட்டு இருந்திருக்காங்க. அம்பது வருஷமா அந்த ஒடம்பு ஒரு கொறையும் இல்லாம ஓடியிருக்குடா. எவ்வளவு அழகு அது.

மணிவேல்: நீ அத அழகுன்னு சொல்ற பாரு...

ஜெயப்ரியா: பாராட்டு ஆறு. இன்னும் நாலு பாக்கி.

மணிவேல்: சரி, அப்புறம்?

ஜெயப்ரியா: உள்ள ஓடி வந்தா ஸ்க்ரீன்ல படத்தக் காணோம். எமர்ஜென்சிக்கு அனுப்பியாச்சு.

மணிவேல்: ...வெளியில நெறைய பேரு காத்துட்டு இருந்தாங்க.

ஜெயப்ரியா: எமர்ஜென்சிக்கு ஓடினேன். அங்க படத்துல ஹார்ட் இடது பக்கம் இருக்கு. ஈய எழுத்து விழுந்த ஓரத்த வெட்டியாச்சு. அதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல அடிச்ச எழுத்து. சுத்தமான வேல. டாக்டர் பாத்துட்டு, படம் நார்மல், அப்பெண்டிக்ஸ்னா வலது பக்கம் வலிக்கணும், இவங்களுக்கு இடது பக்கம் வலிக்குது, வெறும் வாயு, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புங்கன்னாரு.

மணிவேல்: வீட்டுக்கா...

ஜெயப்ரியா: மாஷி செருப்பு கூடப் போட்டுட்டாங்க. நான் போய், ‘ஸர், ஒரு தடவ நெஞ்சுல கைய வெச்சுப் பாருங்க’ன்னேன். ஸ்டூடண்டு வந்து எனக்குச் சொல்றியான்னாரு. அப்பத்தான் படத்துல தாயத்தப் பாத்தேன். ‘ஸர், படத்துல இது வலது கையில இருக்கு. மாஷியப் பாருங்க, இடது கையில கட்டியிருக்காங்க’ன்னேன்.

மணிவேல்: தாயத்து... அடக் கடவுளே.

ஜெயப்ரியா: வெட்டின ஆளு எழுத்து இருந்த ஓரத்த மட்டும் வெட்டியிருக்காரு. எதிர் ஓரத்துல கடலக்கொட்ட அளவுல ஒண்ணு இருந்தது கண்ணுலயே படல. டாக்டர் படத்தப் பாத்தாரு, மாஷியப் பாத்தாரு, பேசாம ஸ்கேனுக்கு எழுதினாரு. கல்லீரல் இடது பக்கம். அப்பெண்டிக்ஸ் இடது பக்கம், வெடிக்கிற நெலமையில. அன்னிக்கே ஆபரேஷன்.

மணிவேல்: இப்ப எப்படி இருக்காங்க?

ஜெயப்ரியா: வார்டுல உக்காந்து பக்கத்துக் கட்டில்காரங்களோட சண்ட போட்டுட்டு இருக்காங்க.

மணிவேல்: இடுப்புல கைய வெச்சா?

ஜெயப்ரியா: இடுப்புல கைய வெச்சுத்தான். முப்பது வருஷமா வீட்டுக்காரரு ‘நீ எல்லாத்துலயும் உல்டா’ன்னு திட்டுவாராம். இப்ப கவர்மெண்டு ரிப்போர்ட்டே குடுத்துடுச்சுன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறாங்க.

மணிவேல்: ...ஜெயா, நேத்து மேடம் உன்கிட்ட என்ன கேட்டாங்க?

ஜெயப்ரியா: ரெஜிஸ்டர்ல படம் என் பேருல இருக்கு. தப்ப மறைக்க நீதான் திருப்பினியான்னாங்க. இல்லன்னேன். அப்ப யாருன்னாங்க.

மணிவேல்: நீ என்ன சொன்ன?

ஜெயப்ரியா: நாளைக்குப் பதினோரு மணிக்குத் தெரியும்னேன்.

மணிவேல்: யாரா இருக்கும்னு நெனைக்கிற?

ஜெயப்ரியா: லாகின் எல்லா ஸ்டூடண்டுக்கும் ஒண்ணுதான். யாரு கண்டா. இந்த அலிப்பூர்ப் பக்கம் பழைய கட்டடத்துல எல்லாம் பேய் இருக்குதாம். அதுக்கும் எக்ஸ்-ரே தெரியுமோ என்னமோ.

மணிவேல்: வெளையாடாத.

ஜெயப்ரியா: நானா வெளையாடறேன்? வந்ததுலருந்து ஆகா ஓகோன்னு சுத்திச் சுத்தி வர்றது யாரு?

மணிவேல்: ...நான்தான் திருப்பினேன். நீ வெளிய போயிட்ட. ஸ்க்ரீன்ல ஹார்ட் வலது பக்கம். திரும்பவும் மாத்தி ஒட்டிட்டா, மேடம் பாத்தா இவ கதை முடிஞ்சுதுன்னு... நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாத்தேன். உனக்காகத்தான் ஜெயா. சத்தியமா.

ஜெயப்ரியா: தெரியும்.

மணிவேல்: தெரியுமா? எப்பலருந்து?

ஜெயப்ரியா: அன்னிக்கே. ரூம்ல இருந்தது ரெண்டு பேரு. அதுல நான் திருப்பல.

மணிவேல்: அப்ப ஏன் என்னை ஒரு வார்த்த கேக்கல?

ஜெயப்ரியா: கோவம். திருப்பினதுக்கு இல்ல. நானே பட்டன் மேல வெரல வெச்சவதானே, அதுக்கு உன்னை எப்படித் திட்டுறது? ஆனா மணி... இன்னிக்கு இவ்வளவு புகழுற. அன்னிக்கு அந்த ஒரு நிமிஷம், இவ சரியா ஒட்டியிருப்பாளோன்னு உனக்குத் தோணவே இல்லையா?

மணிவேல்: ...தோணல. அதுதான் மூணு நாளா நெஞ்சுல அடைச்சுட்டு நிக்குது. மாஷி செருப்பு போட்டுட்டாங்கன்னு சொன்னியே, அது வேற. அவங்க வீட்டுக்குப் போயிருந்தா...

ஜெயப்ரியா: போகல.

மணிவேல்: நீ இருந்ததால போகல. நான் இன்னிக்குச் சொன்னதுல ஒரு வார்த்த கூட ஐஸ் இல்ல ஜெயா. எல்லாம் நெஜம். உன்னை மாதிரி வேல தெரியணும்னா எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

ஜெயப்ரியா: ஏழு... அது என்ன பாக்கெட்ல, அடிக்கடி தொட்டுப் பாத்துக்கற?

மணிவேல்: லெட்டர். மேடத்துக்கு. எல்லாத்தையும் எழுதிட்டேன். எங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி போஸ்டிங்க முதல்லருந்து மறுபடியும் பண்ணச் சொல்லட்டும், பரீட்சைய நிறுத்தட்டும். உன் நோட்டுல கையெழுத்து விழணும். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. தெரிஞ்சும் நேத்து நீ என் பேரச் சொல்லல. நான் இன்னிக்கு வராமலே இருந்திருந்தா?

ஜெயப்ரியா: மேடமும் அதத்தான் கேட்டாங்க. ‘யாருன்னு தெரியும், பேரு சொல்ல மாட்டேன், நாளைக்கு அவனே வந்து நிப்பான்’னேன். ‘வரலன்னா?’ன்னாங்க. ‘வரலன்னா என் லாக் புக்குல கையெழுத்துப் போடாதீங்க’ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்... டீயக் குடிச்சு முடி, மணி பத்து நாப்பது ஆச்சு.