வழி தெரியாதவர்கள் தேவை

மேடையில் இருக்கும் முதல்வர் அவர்களே, எங்கள் துறைத் தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அச்சகத் தோழர்களே, நண்பர்களே. முன்வரிசையில் அம்மாவும் அக்காவும் இருக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் எப்படி வணக்கம் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டு வரைகலை மாணவன், நாம் எல்லோரும் ‘கைக்காரன்’ என்று கூப்பிட்ட நம் நண்பன், போன வாரம் காய்ச்சலில் இறந்துபோனான். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

இன்று காலை அவனுடைய அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்கள். “இங்க அவனுக்குக் கூட்டாளிங்க யாராச்சும் இருந்தாங்களாப்பா? வீட்டுல ஒருத்தரப் பத்தியும் பேசினதில்ல.”

இருந்தோம் என்று வாய் வரை வந்தது. தனியாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய பதில் அல்ல அது. எல்லோரும் இருக்கும்போதுதான் சொல்ல முடியும்.

கைக்காரன்! எங்கிருந்து வந்தது இந்தப் பட்டம்? புத்தக அட்டையோ சோப்பு உறையோ எதைச் செய்தாலும், யாரோ கையில் பிடித்திருப்பதுபோல அதைப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். அதற்கு நடுங்காத கை வேண்டும். நகத்தில் மை இருக்கக் கூடாது.

“டேய் கைக்காரா, ஒரு நிமிஷம் வாடா.”

“இரு, கழுவிட்டு வர்றேன். போன தடவ உன் கார்டுல என் கட்டைவிரல்தான் நல்லா இருந்துச்சுன்னு சார் சொன்னாரு, ஞாபகம் இருக்கா?”

இந்த மண்டபத்தின் சுவர்களைப் பாருங்கள். விசிட்டிங் கார்டைப் பிடித்திருப்பது யார் கை? காகிதப் பையைத் தூக்கியிருப்பது யார் கை? அவன் கை. எல்லாம் அவன் கை. மணிக்கட்டோடு படம் முடிந்துவிடும். முகம் ஒன்றிலும் இல்லை. இந்த மேடைக்கு ஒரு படம் தேடி, கிடைக்காமல், அடையாள அட்டையிலிருந்ததைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். புள்ளி புள்ளியாக உடைந்து தெரிகிறது. அவன் இருந்திருந்தால் இதை அச்சுக்கு அனுப்ப விட்டிருக்க மாட்டான்.

அவனுடைய வேலைகள்? முதலாண்டில் ஒரு மருந்துப் புட்டிக்கு லேபிள் செய்தான். வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து. நாங்கள் கைதட்டினோம். அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, எழுத்து எங்கடா?” என்றார்களாம். அன்றோடு சாம்பல் நிறத்தை விட்டான். பிறகு பேருந்து நேர அட்டவணை. நிறுத்தத்தில் ஒட்டிய அன்றே மழை. வண்டிகள் எல்லாம் கரைந்து ஒரே நீலமாக ஓடின. “அடுத்த தடவ மழையையும் கிளாஸுக்குக் கூட்டிட்டு வரணும்” என்றான். ஒவ்வொரு முறையும் தோற்றுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்தான்.

கடைசி வேலை, மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள். பழைய கட்டடத்தையும் புதியதையும் ஒட்டவைத்த ஒரு மருத்துவமனை. உள்ளே போகிறவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். மாதிரிப் பலகைகளைக் காகிதத்தில் ஒட்டிப் பார்க்க அனுமதி வாங்கினான். ஆனால் சோதிப்பது யார்? அவனுக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியுமே! அதனால் துறைப் பலகையில் ஒரு அறிவிப்புக் குத்தினான். ‘வழி தெரியாதவர்கள் தேவை. சனிக்கிழமை காலை, மருத்துவமனை வாசலுக்கு வரவும்.’

நாங்கள் கூடிவிட்டோம்.

“மச்சி, எழுத்து செம.”

“கீழ இன்னும் கொஞ்சம் காலியா விட்டிருக்கலாம்.”

“கான்செப்ட்தான்டா பெருசு. வாழ்க்கையைச் சொல்றான் பாரு.”

அதைக் கழற்றி விமர்சன வகுப்புக்கே கொண்டுபோனோம். வகுப்பின் விதி உங்களுக்குத் தெரியும். எல்லோரும் பேசி முடிக்கும்வரை செய்தவன் வாய் திறக்கக் கூடாது. சுவரோரமாக நின்றான். இடைவெளி பற்றிப் பேசினோம். தனிமை என்னும் கருப்பொருள் பற்றிக்கூடப் பேசினோம்! மணி அடித்தது. எந்த மருத்துவமனை என்று ஒருவராவது கேட்டோமா? அது ஒரு வேண்டுகோள் என்று ஒருவருக்காவது உறைத்ததா?

வெளியே வந்து சிரித்தான். “ரொம்ப அழகா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க போல. இனிமே கோழி கிறுக்கின மாதிரி எழுதறேன்.”

அந்தச் சனிக்கிழமை யார் போனார்கள்? இன்று காலைதான் தெரிந்தது. அம்மா போயிருக்கிறார்கள்.

“எனக்கு வழி தெரியாதேடான்னேன். அதுக்குத்தானேம்மா கூப்பிடறேன்னான். அம்பைப் பாத்துப் பாத்துத்தான் நடந்தேன். பழைய கட்டடம் முடியற முக்குல திரும்பினா, துணி வெளுக்கிற எடத்துல போய் நிக்கிறேன். ஐயோ, உன் வேலையக் கெடுத்துட்டேனேடான்னா, ‘நீ தொலையலம்மா, பலகைதான் தொலைஞ்சிருக்கு’ன்னு பிச்சு வேற பக்கம் ஒட்டினான். மறுபடி நடந்தேன், சரியா ஸ்கேன் ரூமுக்குப் போயிட்டேன். அப்பவும் அவன் மூஞ்சி தெளியல. ‘உனக்குத்தான் இப்ப வழி தெரிஞ்சுபோச்சே, இனிமே நீ செல்லாக்காசு’ன்னுட்டான்.”

அந்த முக்கில் ஒட்டிய பலகை சரியா, தவறா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அவன் காய்ச்சலில் படுத்தான்.

முதல்வர் அவர்களே, அந்தப் பலகைகளை ஆண்டுக் கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைப்போம் என்று சற்றுமுன் அறிவித்தீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. வேண்டாம், ஐயா. கண்ணாடிக்குள் வைத்தால் நாங்கள் மறுபடியும் எழுத்தைப் பற்றித்தான் பேசுவோம். நேற்று மருத்துவமனையிலிருந்து தலைமைச் செவிலியர் தொலைபேசியில் கேட்டார்: “பேப்பர் எல்லாம் ஓரம் கிழியுது. அந்தத் தம்பி வருவாரா, இல்ல எடுத்துடலாமா?”

எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் எல்லோருடைய சார்பிலும் சொல்லிவிட்டேன்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் எல்லோருடைய வேலையிலும் அவன் இருந்தான். அவன் வேலையில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். இதுதான் பதில்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். ஆசிரியர்களும் வருவார்கள். நீங்கள் ஸ்கேன் அறை வாசலில் நில்லுங்கள். யாராவது வந்து சேரவில்லை என்றால் கூப்பிடாதீர்கள், கை காட்டாதீர்கள். எங்கே தொலைந்தோம் என்று பார்த்து அந்தப் பலகையை மாற்றுவோம். மாற்றிவிட்டு வேறு ஆட்களை அனுப்புவோம். காகிதம் போய் நிரந்தரமான உலோகத் தகடு ஏறும்வரை இதைச் செய்வோம்.

எங்களில் ஒருவருக்கும் அந்தக் கட்டடத்தில் வழி தெரியாது, அம்மா. இப்போதைக்கு எங்களுக்கு இருக்கும் தகுதி அது ஒன்றுதான்.