மல்லாக்க வியுந்தா

அதெல்லாம் ஒத்தக்கால்ல நிக்கிறேன் கண்ணு, செவுத்த புடிக்காமத்தான் நிக்கிறேன். அத வுடு. இந்த எக்சர்சைஸ் கிளாஸ்ல கீழ வியாம இருக்கறதுக்கு நல்லா சொல்லிக்குடுக்கற சபீஹா, இல்லேங்கல. வியறதுக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்க மாட்டேன்றியே, அதத்தான் கேக்கறேன்.

சிரிக்காத. நாற்காலிய அப்பறம் அடுக்கலாம், இப்டி குந்து. கிளாஸுக்கு வந்தவளுங்கல்லாம் பூட்டாளுங்க, அதான் இப்ப கேக்கறேன். அவளுங்க முன்னாடி கேட்டா மங்கம்மா வியறதுக்கு டிரெய்னிங் எடுக்கறான்னு குப்பம் பூரா நக்கல் வுடுவாளுங்க.

தீட்டு நின்னப்பறம் பொம்பளைங்க எலும்பு உள்ள பொத்தலா பூடும்னு மொத நாளே சொன்ன. படம் கூட காமிச்ச, ரஸ்கு மாதிரி இருந்துச்சு. எனக்கு அன்னிக்கி சோறு எறங்கல தெரியுமா? காசிமேட்ல மீன எடுத்து, கூடைய தலைல வெச்சுகினு தண்டையார்பேட்ட வரைக்கும் நடந்த ஒடம்பு இது.

நம்ம கிளாஸு வேம்பு வியுந்தா இல்ல? அவ குப்புற வியுந்தா, மூட்டு பேந்துச்சு, முடிஞ்சிச்சு. நான் அப்டி இல்ல கண்ணு. மல்லாக்க வியறேன். மல்லாக்க வியறப்ப கைய ஊனலாமா, கூடாதா? ஊனித்தான் தோ, இந்த மணிக்கட்டு போச்சு. ஊனாம வுட்டா தலை போய் நங்குன்னு இடிக்குது.

எங்கயா? வூட்லதான். வாசப்படியாண்ட.

ஈரமா? தண்ணி லாரி வந்தாதான் எங்களுக்கு குடிக்கவே தண்ணி, இதுல தரைய எங்க ஈரம் பண்றது! டைல்ஸும் இல்ல, சொரசொரன்னு சிமெண்டு தரை. மயக்கமும் இல்ல. சக்கர, பிரஷரு எல்லாம் பாத்தாச்சு. அய்ய, இன்னா நீ, போலீசு மாதிரி கேட்டுகினே போற?

ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொல்லிட்டாங்க, அடுத்த தபா வியுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா படுக்கதானாம். படுத்துட்டா எனக்கு யாரு கஞ்சி ஊத்துவா சொல்லு? தீபனா? நான் தட்டுல போட்டு வெச்சாதான் அவனே துன்றான்.

எம்புள்ளதாம்மா. மீன் புடிக்க போட்டுல போய்கினு இருந்தான். ஓனரு நிறுத்திட்டாரு, இப்ப வூட்லதான் கீறான். குடிப்பான், குடிக்காம இன்னா. ஆனா நல்ல புள்ள. அவனுக்கு ஒண்ணுன்னா எனக்கு உசுரு நிக்காது.

ஏன் அப்டி பாக்கற? சீ, அடிக்கலாம் மாட்டான். எம்புள்ளைய அப்டி சொல்லாத. அவன் பாட்டுக்கு வெளிய கெளம்புவான், போவாதடா, குடிக்காதடான்னு நான் போய் வாசப்படில நிப்பேன். நெஞ்சுல கைய வெச்சு ஒரு தள்ளு தள்ளிட்டு போவான், அவ்ளோதான். அவங்கப்பனும் தள்ளுனவருதான். அப்பல்லாம் வியுந்தா எய்ந்து போய் சோறு வடிப்பேன், எலும்பு தாங்கிச்சு. புள்ளயும் அதே மாதிரிதான் தள்றான். எனக்குத்தான் தாங்க மாட்டேங்குது.

அந்த போன பைக்குள்ள வை. யாருக்கும் பண்ணாத, சொல்லிட்டேன். அவன போலீசு இட்டுகினு போயி உள்ள வெச்சா நான் செத்துருவேன். ஒங்கிட்ட நான் நாயம் கேக்க வர்ல கண்ணு, எக்சர்சைஸ் கேக்கதான் வந்தேன்.

அழுவாத, மூஞ்ச தொடச்சிக்க. எய்ந்துரு. அந்த பாய விரி, ரெண்டா மடிச்சு விரி. வா, எனக்கு நேரா நில்லு. என் நெஞ்சுல கைய வெச்சு தள்ளு பாக்கலாம். கைய எங்க வெச்சுக்கணும், தலைய எப்டி தூக்கிக்கணும், சொல்லிகினே தள்ளு.

அய்ய, இப்டி மெதுவாலாம் தள்ளாத கண்ணு. அவன் மெதுவா தள்ள மாட்டான்.